எதிர்க்கடை விளக்கு

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன்னால் பேசியவர்கள் படித்தவர்கள். சட்டத்தைப் பற்றியும் ஒதுக்கீட்டைப் பற்றியும் புள்ளிவிவரங்களோடு பேசினார்கள். நான் கடைக்காரன். திருநெல்வேலிச் சீமையில் ஒரு கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் துணி, அளவுகோல், கல்லாப்பெட்டி, வந்து போகும் மனிதர்கள். அந்தத் தெருவில் நான் கற்ற ஒரு பாடத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. யாரும் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டாம். மனத்திற்குள் சொல்லிக் கொள்ளுங்கள். சென்ற ஒரு மாதத்தில், தெரிந்த ஒருவர் புதுக்கடை திறந்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கினாள், கூடப் படித்தவனுக்கு நல்ல வேலை கிடைத்தது என்று ஏதாவது ஒரு செய்தி உங்கள் காதில் விழுந்திருக்கும். அதைக் கேட்டவுடன் உங்கள் மனத்தில் முதலில் எழுந்தது என்ன? வாயில் வந்ததைக் கேட்கவில்லை. வாய் 'மாஷா அல்லாஹ்' என்றுதான் சொல்லும், அது பழக்கம். மனத்தில் எழுந்ததைக் கேட்கிறேன்.

மகிழ்ச்சி எழுந்ததா? அல்லது 'இவனுக்கு எங்கிருந்து பணம் வந்தது?' என்ற கணக்கு எழுந்ததா? சமுதாயம் முன்னேறவில்லையே என்று மேடை போட்டுப் பேசுகிறோம். சமுதாயம் என்பது யார்? எதிர்க்கடைக்காரனும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்தானே! அவர்கள் முன்னேறும்போது முகம் சுருங்குகிறது என்றால், நாம் எந்தச் சமுதாயத்தின் முன்னேற்றத்தைக் கேட்கிறோம்? சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

எந்தப் பெருமை?

"பெருமைப்படு என்கிறீர்களே, பெருமை நமக்குத் தடுக்கப்பட்டதல்லவா?" என்று ஒரு தம்பி கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. உள்ளத்தில் அணுவளவு பெருமை இருந்தாலும் சுவனம் இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, ஒருவர் எழுந்து, 'தன் ஆடையும் காலணியும் அழகாக இருக்க வேண்டும் என்று ஒருவன் விரும்புவதும் பெருமையா?' என்று கேட்டார். அது பெருமையல்ல என்று விளக்கினார்கள். உண்மையை மறுப்பதும், மனிதர்களை இழிவாக நினைப்பதும்தான் பெருமை என்று எல்லை வகுத்துக் கொடுத்தார்கள்.

ஆக, தமிழில் நாம் ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் இவை இரண்டும் வேறு வேறு. 'நான் மேல், நீ கீழ்' என்பது ஆணவம். 'இந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன், அல்ஹம்துலில்லாஹ்' என்பது மனநிறைவு. 'என் கண் முன்னால் ஒருவன் வளர்ந்தான்' என்பது பூரிப்பு. முதலாவதை விட்டொழிக்க வேண்டும். மற்ற இரண்டையும் வளர்க்க வேண்டும். நாமோ பல நேரங்களில் தலைகீழாகச் செய்கிறோம்.

பாயின் மறுபக்கம்

முதலில் சொந்த உழைப்பைப் பற்றிச் சொல்கிறேன். என் பெரியம்மா பத்தமடையில் பாய் நெய்தவர். பத்தமடைப் பாய் என்றால் ஊர் உலகத்துக்கே தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் வேலை எத்தனை பேருக்குத் தெரியும்?

தாமிரபரணிக் கரையோரம் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து வந்து, வெயிலில் காய வைத்து, ஓடுகிற தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப் போட்டு, மீண்டும் உலர்த்தி, ஒவ்வொரு கோரையையும் மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயம் ஏற்றி, பருத்தி நூலைப் பாவாக இழுத்துத் தரையிலேயே உட்கார்ந்து நெய்ய வேண்டும். இழை மெலிய மெலியப் பாய் பட்டுப்போல மடங்கும். அப்படிப்பட்ட நயமான பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். அந்தத் தறியில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயப் பெண்கள்.

பெரியம்மா ஒரு பாயை முடித்ததும் அதைப் புரட்டிப் போட்டுப் பார்ப்பார். மேல்பக்கத்தைப் பார்ப்பதைவிட அடிப்பக்கத்தைப் பார்க்கும் நேரம் அதிகம். "யாரு பெரியம்மா அடியைப் பார்க்கப் போறா? தரையில தானே கிடக்கும்?" என்று சிறுவனாக இருந்தபோது கேட்டேன். "நான் பார்த்துட்டேன்லா? அப்புறம் எப்படித் தூங்க?" என்றார்.

இளைஞர்களே! தொழிலில் பெருமை என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. வாங்குகிறவன் பார்க்காத பக்கத்தையும் ஒழுங்காகச் செய்வது! மின்சார வேலை செய்யும் தம்பி சுவருக்குள் போகும் ஒயரைச் சரியாக முறுக்குகிறான் என்றால், தையற்காரர் உள்பக்கத் தையலை விட்டுவிடாமல் அடிக்கிறார் என்றால், சமையற்காரர் யாரும் பார்க்காத அடுக்களையில் பாத்திரத்தைத் தேய்த்து வைக்கிறார் என்றால், அவரெல்லாம் என் பெரியம்மாவின் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெயரையும் பெண்ணின் பெயரையும் நெய்து கொடுப்பார்கள். நெய்தவளின் பெயர் எந்தப் பாயிலும் இருக்காது. எத்தனையோ கல்யாணத்துக்குப் பெரியம்மா பாய் நெய்திருக்கிறார். வந்தவர்கள் பாயைப் புகழ்ந்திருப்பார்கள். கொண்டு வந்து கொடுத்த வியாபாரியைப் புகழ்ந்திருப்பார்கள். அவரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாய் நெய்கிறவரின் மகள் பள்ளிக்கூடத்தில் தாயின் தொழிலைச் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்றால், குற்றம் அந்தப் பிள்ளையின் மேலா? பாராட்டத் தவறிய நம் மேல்தான்.

என் கடையில் வளர்ந்தவன்

இனி நான் சொல்லப் போவது என் சொந்தத் தவறு. மேடையில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். உங்களில் ஒருவராவது அந்தத் தவறைச் செய்யாமல் இருந்தால் போதும்.

1994-ஆம் ஆண்டு பதினாறு வயதுப் பையன் ஒருவன் என் கடைக்கு வேலைக்கு வந்தான். தகப்பன் இல்லாத பிள்ளை. துணி மடிக்கக் கற்றுக் கொடுத்தேன். கையால் தொட்டே பருத்தியையும் கலப்பையும் பிரிக்கக் கற்றுக் கொடுத்தேன். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். ஆகவே சட்டைத் துணி வெட்டும்போது நாலு விரற்கடை கூட்டி வெட்டு, தைப்பதற்கு முன்னால் நனைத்துக் கொடுக்கச் சொல் என்று பழக்கினேன். பன்னிரண்டு வருடம் என்னிடம் இருந்தான். கல்லாச் சாவியை நம்பிக் கொடுத்துவிட்டுக் கொள்முதலுக்கு ஈரோடு போவேன். ஒரு ரூபாய் குறைந்ததில்லை.

2006-இல் ஒருநாள் கடை அடைக்கும் நேரத்தில் தயங்கித் தயங்கி நின்றான். "முதலாளி, தனியா ஒரு கடை போடலாம்னு இருக்கேன். நீங்க துஆச் செய்யணும்" என்றான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கட்டித் தழுவியிருக்க வேண்டும். "எங்கே போடப் போறே?" என்று கேட்டேன். நம் தெருவிலேயே, எதிர் வரிசையில், ஆறு கடை தள்ளி என்றான். எனக்குப் பற்றி எரிந்தது. சேர வேண்டிய சம்பளத்தைப் பைசா பாக்கியில்லாமல் கொடுத்தேன். வாழ்த்து மட்டும் கொடுக்கவில்லை. கடை திறப்புக்குப் பத்திரிகை வைத்தான். காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? இல்லை. சரக்குக் கடனுக்குக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர் என்னிடம் வந்து, "உங்க கடையில இருந்த பையன் கேட்கிறான், நம்பிக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். நான், "யோசிச்சுச் செய்ங்க" என்றேன். இரண்டே வார்த்தைகள். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வியாபாரிகளே, உங்களுக்குத் தெரியும். கடைத்தெருவில் அந்த இரண்டு வார்த்தைகள் ஒருவன் கழுத்தில் கத்தி வைப்பதற்குச் சமம்! நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. அவனுக்குக் கடன் சரக்கு கிடைக்கவில்லை.

இரவு நான் ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது எதிரே அவன் கடை விளக்கு எரியும். வெறும் குழல் விளக்குதான். ஆனால் அது என் கண்ணை உறுத்தியது. இரண்டு வருடம் உறுத்தியது.

ஒருநாள் வயதான ஓர் அம்மா என் கடைக்கு வந்தார். மகனுக்கு எடுத்த சட்டைத் துணி இன்னும் ஒரு சட்டைக்கு வேண்டுமென்று மாதிரியைக் காட்டினார். அது அவன் கடையில் வாங்கியது, அங்கே தீர்ந்துவிட்டதாம். பழக்க தோஷத்தில் அந்தத் துணியை எடுத்து அளந்தேன். சரியாக நாலு விரற்கடை கூட இருந்தது. "எல்லாருக்கும் இப்படித்தான் வெட்டுதானா?" என்று கேட்டேன். "ஆமாய்யா. கேட்டேன். எங்க முதலாளி பழக்கின பழக்கம், மாத்த மாட்டேன்னுட்டான்" என்றார் அந்த அம்மா. அந்த முதலாளி எதிரே நிற்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

அன்று இரவு எதிர்க்கடைக்குப் போனேன். அவன் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. ஏஜென்டிடம் சொன்னதைச் சொன்னேன். "தெரியும் முதலாளி, அவரு அன்னைக்கே சொல்லிட்டாரு" என்றான். என்னால் பேச முடியவில்லை. அவனே தொடர்ந்தான்: "அந்தப் பெருநாளைக்கு ரொக்கத்துக்குத்தான் சரக்கு எடுக்க வேண்டியிருந்துச்சு. வீட்ல உள்ளவ வளையலை வித்தேன். அதை மறந்துட்டேன்னு சொன்னா பொய். ஆனா தொழில் கத்துத் தந்தது நீங்க. அதையும் மறக்க முடியல."

மறுநாள் காலை அந்த ஏஜென்டை வரவழைத்து, அவன் முன்னாலேயே, அவன் கடனுக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். பரிகாரம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. விற்ற வளையல் திரும்பி வராது. நாற்காலியைத் துடைத்துப் போட்ட அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் கெடும்.

வளையலைக் கழற்றிய இன்னொரு கை

இந்த வளையல் பேச்சு வரும்போதெல்லாம் இராமேஸ்வரத்து நிகழ்ச்சி ஒன்று எனக்கு நினைவுக்கு வரும். முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களைப் பற்றியது. குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் சேர அவருக்கு இடம் கிடைத்தது. சேருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. படகு வைத்துப் பிழைத்த குடும்பத்தில் அந்தப் பணம் இல்லை. அக்காள் ஸோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். என் உழைப்பில் அவற்றை மீட்பேன் என்று தம்பி மனத்தில் உறுதி எடுத்துக் கொண்டார்.

எண்ணிப் பாருங்கள்! அங்கே ஒரு பெண் தம்பி வளர வேண்டும் என்று வளையலைக் கழற்றினார். இங்கே ஒரு பெண், இன்னொருவன் வளர்ச்சியைப் பொறுக்காத என் இரண்டு வார்த்தைகளால் வளையலைக் கழற்றினாள். நாம் எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம்?

அதே கலாம் அவர்கள் சிறுவனாக இருந்தபோது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ரயில் இராமேஸ்வரத்தில் நிற்காமல் போயிற்று. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வெளியே எறிவார்கள். உறவினர் சம்சுதீன் என்பவருக்கு அந்தக் கட்டுகளைச் சேகரிக்க உதவி செய்து முதன்முதலாகச் சம்பாதித்தார். சொந்தக் கையால் முதல் காசு ஈட்டிய அந்தப் பெருமிதம் அரை நூற்றாண்டு கழிந்தும் தம் நெஞ்சில் பொங்குவதாக 1999-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார். ராக்கெட் விட்டவருக்கே பத்திரிகை பொறுக்கிய காசு பெருமையாக இருந்தது என்றால், தள்ளுவண்டியில் பழம் விற்கும் வாப்பாவைச் சொல்ல ஒரு மகன் ஏன் கூச்சப்பட வேண்டும்?

ராக்கெட் என்றதும் இன்னொன்று. 1979 ஆகஸ்ட் 10 அன்று அவர் தலைமையில் ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்களின் கேள்விகளுக்கு முன்னால் போய் நின்றவர் யார்? நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். பழியைத் தாம் ஏற்றுக் கொண்டார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் வெற்றி பெற்றது. அன்று தவான், கலாமை அழைத்து, இன்றைக்குப் பத்திரிகையாளர்களை நீங்கள் சந்தியுங்கள் என்று அனுப்பி வைத்தார். தோல்வி வந்தால் முதலாளி முன்னால் நிற்க வேண்டும். வெற்றி வந்தால் வேலை செய்தவன் முன்னால் நிற்க வேண்டும். நம் கடைகளில் நாம் எப்படி நடக்கிறோம்? கணக்கு தப்பினால் பையன் தவறு. வியாபாரம் ஓடினால் என் கைராசி!

சந்தை எங்கே?

மதீனாவின் வரலாறு உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர ஸஅது பின் ரபீஉ (ரலி) அவர்கள் முன்வந்தார்கள். வந்தவரோ, உங்களுக்குப் பரக்கத் உண்டாகட்டும், சந்தை எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும் என்று கேட்டுப் போய், பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று நிமிர்ந்தார்கள். ஒருவர் கொடுக்கத் தயங்கவில்லை. மற்றவர் உழைக்கத் தயங்கவில்லை. இந்த இரண்டு குணமும் ஒரே தெருவில் இருந்தால் அந்தத் தெரு ஏன் வளராது?

நம் வணிகர்களிடமும் அந்தக் குணம் இருந்தது. திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951-இல் எழுந்தது. எழுப்பியவர்கள் ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும், இருவரும் வணிகர்கள். தம் கல்லாவிலிருந்து எடுத்து ஊரார் பிள்ளைகள் படிக்கக் கட்டினார்கள். வெறும் வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் இதில் நஷ்டமில்லை. ஒரே ஒரு ஜவுளிக்கடை இருக்கும் தெருவுக்குக் கல்யாண ஜவுளி எடுக்க யாரும் வருவதில்லை. பத்துக் கடை இருந்தால்தான் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். எதிர்க்கடை திறந்த பிறகு என் வியாபாரம் குறையவில்லை என்பதை என் பேரேடு சொல்கிறது. குறையும் என்று சொன்னது என் பயம்தான்.

நாளையிலிருந்து

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம்.

வணிகர்களே! உங்களிடம் இல்லாத சரக்கைக் கேட்டு வருகிறவரை 'இல்லை' என்று அனுப்பாதீர்கள். எந்தக் கடையில் இருக்கிறது என்று பெயர் சொல்லி அனுப்புங்கள். ஒருவனுடைய நாணயத்தைப் பற்றி உங்களிடம் கேட்டால், தெரிந்த உண்மையை முழுதாகச் சொல்லுங்கள். என்னைப்போல் அரை வார்த்தையில் ஆளைக் கொல்லாதீர்கள். உங்களிடம் வேலை பார்த்தவன் தனிக்கடை வைத்தால் முதல் போணி உங்கள் கையால் நடக்கட்டும்.

இளைஞர்களே! ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலையிலிருந்து இரவு வரை வாப்பாவின் கடையிலோ வண்டியிலோ பட்டறையிலோ கூட நில்லுங்கள். வீட்டில் உம்மா பீடி சுற்றினால், பாய் நெய்தால், துணி தைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிறகு உங்கள் நண்பனை அழைத்து வந்து, "இது எங்க உம்மா செஞ்சது" என்று காட்டுங்கள். உங்களுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவரின் பெயரை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். அந்தப் பையன் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை மனிதனாக்கியது.

கடைசியாக ஒன்று. இப்போதும் இரவில் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு எதிரே பார்ப்பேன். அவன் விளக்கு எரியும். அவன் கடை இப்போது என் கடையைவிடப் பெரியது. சென்ற மாதம் ஒருநாள் விளக்கு எரியவில்லை. மனம் கேட்கவில்லை, உடனே போன் போட்டேன். "மகளுக்குக் காய்ச்சல் முதலாளி, ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்றான். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

உங்கள் தெருவிலும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது உங்கள் கண்ணை உறுத்துகிறதா, உங்களுக்கும் வெளிச்சம் தருகிறதா என்று இன்றிரவு கடை பூட்டும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.